கான்டெஸா 1.8 தேடுகிறீர்களா? போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

பழைய கார் ஒன்றை வாங்கி அதிலேயே நெடுந்தூரம் போய்வர ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவைப் பக்கம் கிளாசிக் கார்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவர் என் தலையில் கட்டிய கான்டெஸாவைப் பற்றியது (அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய பெரிய கார்). வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை, ஏனென்றால் இதே வேலையைச் செய்ய ஊருக்கு ஒருவர் இருக்கிறார்.

கான்டெஸா ஏன் என்பவர்களுக்கு: சென்னை–கோவை போய்வர, வயதான அப்பா அம்மா காலை நீட்டி உட்கார ஒரு வண்டி வேண்டும். அம்பாசடர் இடவசதிக்குக் குறையில்லை, ஆனால் பின்னால் லீஃப் பட்டை ஸ்பிரிங், ரோடு சரியில்லை என்றால் தூக்கிப்போடும். தொண்ணூறுகளின் பென்ஸ் இ220 சொகுசில் ராஜாதான். ஆனால் அந்தக் காலத்து பென்ஸ் எஞ்சின்களின் ஒயரிங் இன்சுலேஷன் தானாகவே பொடிந்து உதிரும் கதையைப் படித்துவிட்டுப் பயந்துவிட்டேன். கான்டெஸா நடுவில் நிற்கிறது: அகலமான பாடி, பின்னாலும் காயில் ஸ்பிரிங், பெரிய டிக்கி.

இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1984இல் வந்தபோது கான்டெஸாவுக்குப் போட்டது அம்பாசடரின் அதே 1489 சிசி எஞ்சின். இவ்வளவு பெரிய பாடியை அது திணறித் திணறித்தான் இழுக்கும். பிறகுதான் ஜப்பான் கம்பெனி இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. ஹைவேயில் ஓட்ட ஆசைப்படுபவன் தேடுவது அந்த 1.8 வண்டியைத்தான். அது வியாபாரிக்கும் தெரியும்.

விளம்பரத்தில் “1.8 ஜிஎல்எக்ஸ், லாங் டிரைவ் ரெடி” என்றிருந்தது. மெரூன் கலர், கண்ணாடி மாதிரி பெயிண்ட், சீட்டெல்லாம் புதுசு. காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி, ட்ராஃபிக் இல்லாத அவினாசி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுத்தார். ஏசி ஜில்லென்று வந்தது. மார்கழிக் காலையில் வராமல் என்ன செய்யும்! “ஏனுங்க சார், கன்னியாகுமரி வரைக்கும் கண்ண மூடிட்டுப் போலாமுங்க” என்றார். ஒரிஜினல் ஆர்சி ஓனரிடம் ஈரோட்டில் இருப்பதாகச் சொல்லி ஒரு ஜெராக்ஸை மட்டும் காட்டினார். அதில் எஞ்சின் நம்பரும் சிசியும் இருக்கும் இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. விற்பனை எழுதிய ஸ்டாம்ப் பேப்பரில் “உள்ளது உள்ளபடி” என்று ஒரு வரி.

டெலிவரி எடுத்துச் சென்னைக்குக் கிளம்பினோம். எண்பதைத் தாண்டினாலே தரையிலிருந்து ஒரு அதிர்வு. பெருந்துறை தாண்டியதும் அம்மா “கால் மரத்துப்போவுதுடா” என்றார். சங்ககிரி தாண்டியபோது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை நிறுத்தி ஹீட்டரைப் போட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, எப்படியோ சேலம் வரை உருட்டினோம்.

சேலத்தில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் பழைய ஆள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றியதும் சிரித்தார், உள்ளே தெர்மோஸ்டாட்டே (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) இல்லை. கழற்றி எறிந்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் சுற்றும், ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டினால் சூடு தெரியாது. ரேடியேட்டர் பழைய 1489 சிசி வண்டியுடையது, இசுசு எஞ்சினோடு ஏசியையும் சேர்த்துத் தாங்காது என்றார். கியர்பாக்ஸ் மாறியதால், அதிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பேலன்ஸ் பார்க்கவில்லை. அதிர்வு அங்கிருந்துதான். பெட்ரோல் ஹோஸ் உப்பி, விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிந்தது. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு ஆகாது. கடைசியாக ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே உள்ள படியில் வைத்தார். ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. தகரமே இல்லை, முழுக்கப் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டயர் பளபளவென்று இருந்தது. அது தயாரான தேதி எண் உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்ததால் அடியில் படுத்துப் பார்த்தார்: 1413. அதாவது 2013ஆம் வருஷத்தின் 14ஆவது வாரம்.

சூடு, அதிர்வு இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1489 சிசி கான்டெஸா ஒன்றில், உடைத்துப்போட்ட அம்பாசடரின் இசுசு எஞ்சினை மாட்டி (அம்பாசடரிலும் அது வந்தது), 1.8 பேட்ஜ் ஒட்டி விற்றிருக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்குப் பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது) எடுத்தபோது எஞ்சின் நம்பர் ஆர்சியோடு பொருந்தவில்லை. எஞ்சின் மாற்றினால் ஆர்டிஓ அனுமதி பெற்று ஆர்சியில் ஏற்ற வேண்டும். அது நடக்கவே இல்லை. இந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சந்தேகம்தான்.

விற்றவருக்குப் போன் போட்டேன். “விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிக்கலாமுங்க சார், எந்தக் கேள்வியும் வராது” என்கிறார். சுத்தப் பொய். 2021 விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டினால்தான் விண்டேஜ், எண்பதுகளில் வந்த வண்டிக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். மறுபடி அழுத்திக் கேட்டதும் குரல் மாறியது. “நான் வெறும் புரோக்கர்ங்க, ஓனர்கிட்டப் பேசிக்கங்க.” அந்த ஓனர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

இந்தப் ‘புரோக்கர்’ பதிலுக்குத்தான் 2023 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்பவர் ஆர்டிஓவிடம் டீலர் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும், அதன்பின் அந்த வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. போய்ப் பேசும் முதல் நாளே அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். முழிப்பார்கள்.

வண்டி எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டு, எரிபொருள், ஃபிட்னஸ் தேதி, வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்கலாம். ஒரிஜினல் ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே டார்ச் அடித்துப் படியுங்கள். ஓட்டிப் பார்ப்பது மத்தியான வெயிலில், ஏசி போட்டு, ஹைவேயில், குறைந்தது ஒரு மணி நேரம். “பெட்ரோல் கம்மியா இருக்குங்க” என்று இழுத்தால் நீங்களே போடுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழியுமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டீலரிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். என் மனுவில் முதல் ஆவணமாக வைத்திருப்பது அந்த “1.8 ஜிஎல்எக்ஸ்” விளம்பரத்தைத்தான். நான் நோட்டீஸ் அனுப்பிய மறுநாள் அவர் அதை நீக்கிவிட்டார்.