தூத்துக்குடியில் பழைய மாருதிக்குப் பிரேக் பைப் மாற்றிய அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனபோது செய்ய வேண்டியிருந்த முக்கியமான வேலை, அப்பாவின் மாருதி 800-க்குப் பிரேக் பைப், அதாவது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற மெல்லிய உலோகக் குழாய், மாற்றுவது. 1998 மாடல். முத்தையாபுரத்தில், உப்பளங்களுக்குப் பக்கத்து வீட்டில் நிற்கிற வண்டி. பனியே விழாத ஊர்தான், ஆனாலும் அடிப்பக்கம் டொரொண்டோவில் பல குளிர்காலம் ஓடிய வண்டி மாதிரி இருக்கிறது. அங்கே பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு, இங்கே கடற்காற்றில் வருகிற உப்பு.

பிரேக் மிதி மெல்ல இறங்குகிறது, பிரேக் ஆயில் அடிக்கடி குறைகிறது என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டொரொண்டோவிலிருந்து செம்பு நிக்கல் கலந்த பைப் ஒரு சுருள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். 25 அடி நீளம், 3/16 அங்குல விட்டம். கிட்டத்தட்ட 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். துருப்பிடிக்காது. வால்வோ கார்களில் 1970களிலேயே போட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். மரியாதையாகப் பேசினார்கள், வண்டியை லிஃப்டில் தூக்கிக் காட்டவும் செய்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகிற பைப், கிளிப் பிடித்திருக்கிற இடத்தில் செதில் செதிலாக உரிந்து, ஆயில் கசிந்துகொண்டிருந்தது. கிளிப்புக்குள் ஈரமும் உப்புத்தூசியும் தங்கிவிடுவதால் அந்த இடம்தான் முதலில் போகும். ஆனால் அந்த மாடலுக்குப் பைப் கைவசம் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வெளியிலிருந்து கொண்டுவந்ததைப் போட மாட்டோம் என்றார்கள். அவர்கள் விதி அப்படி.

அடுத்து வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப். அங்கே சொன்ன வழி எனக்குப் பிடிக்கவே இல்லை. துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு, ஃப்ரிட்ஜுக்குப் போடுகிற செம்பு பைப்பை வைத்துப் பித்தளை ஜாயின்ட் போட்டு இறுக்கிவிடலாமாம். டயரில் நாம் ஏற்றுவது 30 பவுண்டு காற்று. பிரேக்கை அழுத்தி மிதித்தால் பைப்புக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஜாயின்ட் ஒருநாள் பிடுங்கிக்கொண்டால் அந்த நேரத்தில் காரில் இருக்கப்போவது என் தங்கையும் பிள்ளைகளும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தபோது, பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அனுப்பினார்கள். சுருளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "தம்பி, செம்பு பைப்புன்னா நான் போட மாட்டேன். விட்டுப் போயிரும்" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. "நிக்கல் கலந்தது அண்ணாச்சி" என்று ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். வளைத்தார், நிமிர்த்தினார், மறுபடியும் வளைத்தார். அப்புறம் அந்தத் துண்டின் நுனியை டபுள் ஃபிளேர் அடித்து, அதாவது ஜாயின்டில் கசியாமல் உட்காரும்படி விரித்து மடித்துப் பார்த்தார். இரண்டு மடிப்பாக, வெடிப்பில்லாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் வேலைக்குச் சம்மதித்தார்.

வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய பைப்பை வளைவு கெடாமல் கழற்றித் தரையில் போட்டு, அதையே அச்சாக வைத்துப் புதியதைக் கையால் வளைத்தார். எங்கேயும் நசுங்கவில்லை. ஹாக்சா பிளேடு தொடவே இல்லை, சின்ன பைப் கட்டர்தான். ஃபிளேர் அடிக்கும் முன் நட்டைக் கோர்த்தார், உள்ளே காற்றடித்துத் தூசியை வெளியேற்றினார். நட்டு மட்டும் உள்ளூர்க் கடையில் வாங்கியது. ஜப்பான் வகை வண்டிக்கு 10 மில்லிமீட்டர் நட்டு. அமெரிக்க வண்டிக்கான 3/8 அங்குல நட்டும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், மரை வேறு. கனடாவிலிருந்து பைப் கொண்டுபோகிறவர்கள் நட்டை அங்கே வாங்காதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் குறுக்கே பேச வேண்டியிருந்தது. உதவிக்கு இருந்த பையன் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தான். ஸ்டாண்ட் வைத்தால்தான் ஆச்சு என்றேன். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் வைக்கச் சொன்னார்.

கடைசியில், பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தார்கள். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து, ஆயில் வெளியேறுகிற சின்னத் திருகான நிப்பிளில் குமிழி நிற்கும்வரை பையன் மிதிக்க, அண்ணாச்சி திறந்து மூட. முழுக்கப் புது டாட் 3 ரக பிரேக் ஆயில். பெயின்டில் சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும். மிதி இப்போது கல்லாக நிற்கிறது.

கூலி, நட்டு, ஆயில் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். டொரொண்டோவில் ஒரு மணி நேரக் கூலியே இதைவிட அதிகம். இதற்கு வண்டியை விற்றுவிடலாமே என்றவர்களும் உண்டு. 2023-ல் 5000 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்தாயிற்று, 2028 வரை ஓடலாம். அப்பாவுக்கும் வேறு வண்டி பிடிக்காது.

பிரேக் பைப்பை ஒட்டியே ஓடுகிற பெட்ரோல் பைப்பிலும் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இந்தச் சுருள் உதவாது, அளவு வேறு. பொங்கலுக்கு முன்னால் அதையும் மாற்றிவிடும்படி அண்ணாச்சியிடம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.