ஒரே நங்கை, மூன்று மெருகு: 2006 சில்வர் ஈகிள் தொகுப்பு

நாணய மெருகின் வகைகளை எழுத்தில் படித்துப் பல ஆண்டுகள் குழம்பியிருந்த எனக்கு அவற்றைத் தெளிவாக்கியது, சில்வர் ஈகிள் என்னும் வெள்ளி நாணயத்தின் இருபதாம் ஆண்டையொட்டி அமெரிக்க நாணயச்சாலை 2006இல் வெளியிட்ட, மூன்று நாணயங்கள் கொண்ட தொகுப்புதான். மூன்றுமே 40.6 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு ட்ராய் அவுன்ஸ் (சுமார் 31.1 கிராம்) தூய வெள்ளியும் கொண்டவை. மூன்றிலும் ஒருபுறம் அடோல்ஃப் வைன்மன் வடித்த, சூரியனை நோக்கி நடக்கும் சுதந்திர நங்கை. மறுபுறம் ஜான் மெர்காண்டியின் கழுகு. உருவம் மாறாததால் கண் மெருகை மட்டுமே கவனிக்கிறது.

ப்ரூஃப் நாணயத்துக்கு, அச்சின் சமதளத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து, உருவம் விழும் பள்ளங்களை மட்டும் சொரசொரப்பாக்கி, மெருகிட்ட வெள்ளி வில்லையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிக்கிறார்கள். அதனால் பின்புலம் ஆழ்கிணற்று நீர்போலக் கறுத்துத் தெரிய, நங்கை போர்த்திய கொடியின் மடிப்புகள் வெண்பனி படர்ந்தாற்போல் எழுந்து நிற்கின்றன. ரிவர்ஸ் ப்ரூஃபில் இது தலைகீழ்: பின்புலம் பனி, உருவம் கண்ணாடி. சில்வர் ஈகிளில் அது முதன்முதலாக வந்தது இந்தத் தொகுப்பில்தான். விளக்கை நேராகப் பிடித்தால் நங்கையின் முகம் ஒளியில் கரைந்துவிடும். நாணயத்தைச் சற்றே சாய்த்தால் மூக்கும் தாடையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். புகைப்படத்தில் இந்த அழகு சிக்குவதே இல்லை.

மூன்றாவதான பர்னிஷ்டு நாணயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அடிப்பதற்கு முன்பே வில்லையைத் தேய்த்து மெருகிடுவதால் பட்டின் உள்பக்கம்போல மென்மையான ஒளி கிடைக்கிறது என்றாலும், முதலீட்டுக்காக விற்கப்படும் சாதாரண நாணயத்திலிருந்து அதைப் பிரித்தறிவது எளிதன்று. கழுகின் வாலருகே வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையைக் குறிக்கும் 'டபிள்யூ' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்; அவ்வாண்டின் சாதாரண நாணயத்தில் எந்த எழுத்தும் கிடையாது.

வெளியானபோது 100 டாலருக்கு விற்கப்பட்ட தொகுப்புகளின் உச்சவரம்பு 2,50,000. இன்று மறுவிற்பனையில்தான் கிடைக்கும். நான் முதலில் வாங்கிய தொகுப்பின் ப்ரூஃப் நாணயத்தை யாரோ துணியால் துடைத்திருந்தார்கள். மேசை விளக்கின் கீழே சாய்த்ததும் அந்தக் கறுத்த பின்புலம் முழுவதும் சிலந்தி இழைபோன்ற கீறல்கள் தெரிந்தன, மனம் மிகவும் நொந்தது. அந்த மெருகை மீட்க வழியே இல்லை. ஆகவே, ஒற்றை விளக்கின் கீழே மூன்றையும் மெல்லச் சுழற்றிக் காட்டும் காணொளியை விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள். தொகுப்பின் விலையைப் பெரிதும் தாங்கி நிற்பது ரிவர்ஸ் ப்ரூஃப் என்பதால், அதை முதலில் பாருங்கள்.