சிலியா, தென்னாப்பிரிக்காவா: வரியைத் திருத்தியதில் யார் கெட்டி?

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் எனக்கு ஒரு தலைப்பு கொடுத்தார்கள். அடக்குமுறை ஆட்சியிலிருந்து மக்களாட்சிக்கு மாறிய ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே ஏழை பணக்காரர் இடைவெளியை வரி என்ன செய்தது என்று அரை மணி நேரம் பேச வேண்டும். கடைசியில் சிலி, தென்னாப்பிரிக்கா இரண்டும் மிஞ்சின. பொருளாதாரம் படித்த நண்பர்கள் எல்லோரும் சிலியைக் கைகாட்டினார்கள். நான் தென்னாப்பிரிக்காவை எடுத்தேன். ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சிலி. அங்கே வேலை சட்டென்று முடிந்தது, அதுதான் அதன் பெருமை. 1990 மார்ச்சில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபராக பத்ரீசியோ அய்ல்வின் பதவி ஏற்றார். அந்த ஜூன் மாதமே வரிச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் ஆண்ட சர்வாதிகாரி பினோசெட், தன் பதவியை நீட்டிக்க நடத்திய 1988 வாக்கெடுப்புக்குச் சில மாதம் முன்பு, பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வாட் வரியை 20 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்திருந்தார் (ஓட்டுக்காகத்தான், தோற்றும் போனார்). புதிய அரசு அதை 18 ஆக்கியது. நிறுவன வரி 10லிருந்து 15 ஆனது. செனட்டில் பழைய ஆட்சி நியமித்துவைத்த உறுப்பினர்கள் 9 பேர் உட்கார்ந்திருந்ததால், ஒரு வலதுசாரிக் கட்சியோடு பேரம் பேசாமல் எதுவும் நகராது. பேரம் படிந்தது: புதிய விகிதங்கள் 1993 முடியும்வரை மட்டும், கூடுதலாக வரும் பணம் சமூகச் செலவுக்கு. 1990ல் 38.6 சதவீதமாக இருந்த வறுமை, சில ஆண்டுகளில் 28க்குப் பக்கத்தில் இறங்கியது. வேகமான பொருளாதார வளர்ச்சிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் வறுமை இறங்கிய அளவுக்கு இடைவெளி இறங்கவில்லை. வாட் ஏறினால் மாவு வாங்குகிறவரும்தான் கட்டுகிறார். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று பேரத்தில் தொடப்படவே இல்லை. 1984ல் வந்த ஒரு ஏற்பாட்டின்படி, லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கும்வரை முதலாளி அதற்குத் தனிநபர் வருமான வரி கட்ட வேண்டாம். வசதியானவர்கள் சொந்தமாக முதலீட்டுக் கம்பெனி ஒன்றைத் திறந்து, லாபத்தை அதிலேயே ஆண்டுக்கணக்கில் தூங்கவிட்டார்கள். அதை மூடுவதற்கான சட்டம் 2014ல்தான் வந்தது. முப்பது வருஷம்!

சிலி விஷயத்தில் ஸ்பானிஷ் மொழி எழுத்துகளை நான் நேரடியாகப் படித்தவனில்லை. என் தீர்ப்பில் அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் வரிச் சண்டை, எல்லோரும் ஓட்டுப் போட்ட 1994 தேர்தலுக்கு வெகு முன்பே தெருவில் தொடங்கிவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி, கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்பு சொவெட்டோ. அந்த மக்கள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்தார்கள், சம்பளத்தை அங்குள்ள கடைகளிலேயே செலவழித்தார்கள். அந்தக் கடைகளும் அலுவலகங்களும் கட்டிய சொத்து வரியோ வெள்ளையர் நகராட்சிக்குப் போனது. சொவெட்டோவின் சாக்கடைக்கும் விளக்குக்கும் சொவெட்டோ வாடகையிலிருந்தே பணம் எடுக்க வேண்டும் என்றார்கள். 1986ல் மக்கள் வாடகை கட்டுவதை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்த முழக்கம் 'ஒரே நகரம், ஒரே வரித்தளம்'. இதைவிடச் சுருக்கமாக வரிநீதியைச் சொன்ன முழக்கத்தை நான் கேட்டதில்லை. 2000 டிசம்பரில்தான் ஜோகன்னஸ்பர்க் முழுக்க ஒரே மாநகராட்சி ஆனது.

1994க்குப் பிறகு மண்டேலா அரசு செய்தவை எல்லாம் ஏழைகளுக்காக என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு 50,000 ராண்டுக்கு (அந்த நாட்டு நாணயம்) மேல் வருமானம் உள்ளவர்களிடமும் நிறுவனங்களிடமும் 5 சதவீதம் ஒரு தடவை வசூலித்தார்கள். அதே கையோடு நிறுவன வரி 40லிருந்து 35க்கு இறங்கியது, 1999ல் 30. திருமணமான பெண்களுக்குத் தனி வரி அட்டவணை வைத்திருந்த அசிங்கம் 1995ல் ஒழிந்தது. இவை பெரும்பாலும் எதிர்பார்த்தவைதான்.

என்னைச் சாய்த்தது வேறு ஒன்று. வண்டி வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டு சர்வீஸ் செலவை மறக்கிறவர்கள் போல, வரிச் சீர்திருத்தம் என்றாலே நாம் விகிதத்தை மட்டும் பார்க்கிறோம். வசூலிக்கிற அலுவலகத்தை யாரும் பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்கா 1997ல் உள்நாட்டு வரியையும் சுங்கத்தையும் சேர்த்து, அமைச்சகத்தின் நேரடிப் பிடியிலிருந்து வெளியே எடுத்து, வருவாய்ச் சேவை என்ற தன்னாட்சி அமைப்பாக்கியது. சுருக்கப் பெயர் சார்ஸ். (சார்ஸ் என்ற நோய் வந்தபோது அவர்கள் எவ்வளவு கடுப்பாகியிருப்பார்களோ.) 1999லிருந்து பத்து வருஷம் பிரவின் கோர்தன் அதை நடத்தினார். நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்த மனிதர், தொழிலால் மருந்தாளுநர். பெரிய நிறுவனங்களின் கணக்கைக் குடைய தனிப் பிரிவு, இணையத்தில் வரித் தாக்கல், வெளிநாட்டில் பதுக்கியதை ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. 2003ல் அறிவித்த அந்த மன்னிப்பில் மட்டும் சுமார் 6,800 கோடி ராண்டு சொத்து வெளியே வந்தது.

வசூல் நன்றாக இருந்ததால் செலவு செய்ய முடிந்தது. 1998ல் ஏழு வயதுக்குக் கீழுள்ள ஏழைக் குழந்தைக்கு மாதம் 100 ராண்டு என்று ஆரம்பித்த உதவித்தொகை, படிப்படியாகப் பதினெட்டு வயதுவரை நீண்டது. வரிக்கும் அரசுச் செலவுக்கும் முன்னால் 0.77 ஆக இருக்கும் கினி குறியீடு (வருமான இடைவெளியின் அளவு: 0 என்றால் எல்லோரும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே), அவற்றுக்குப் பின்னால் ஏறக்குறைய 0.60க்கு இறங்குகிறது என்று உலக வங்கி 2014ல் கணக்குப் போட்டது. வேலையின்மையால் அந்த 0.77 குறையவே இல்லை என்பதும் உண்மை. நிலம், சொத்து, கூலி இவற்றில் இருக்கும் இடைவெளியை வரி அலுவலகம் தனியாக நின்று அழிக்க முடியாது. ஆனாலும் 0.17 இறக்கம் சின்ன வேலை இல்லை.

பராமரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு காட்டியது. 2014க்குப் பிறகு புதிய தலைமை வந்தது, அனுபவசாலிகள் வெளியேறினார்கள், பெரிய நிறுவனங்களைக் கவனித்த அந்தப் பிரிவையே கலைத்தார்கள். நீதிபதி நஜென்ட் தலைமையிலான விசாரணை ஆணையம் 2018ல் இதை நேர்மையிலும் நிர்வாகத்திலும் நேர்ந்த பெரும் தோல்வி என்றது. வளர்ச்சி மந்தமும் சேர்ந்துகொள்ள, 2017-18ல் எதிர்பார்த்த வரியில் சுமார் 4,800 கோடி ராண்டு குறைந்தது. 2018 ஏப்ரலில் வாட் 14லிருந்து 15 ஆனது. 1993க்குப் பிறகு முதல் உயர்வு அது.

பேச்சு முடிந்ததும், அப்படியானால் தென்னாப்பிரிக்காவும் தோற்றதுதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். அவருக்கு ரொட்டிக் கதையைச் சொன்னேன். அந்த நாட்டில் பழுப்பு ரொட்டிக்கும் மக்காச்சோள மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாட் கிடையாது. அதே அலமாரியில் பக்கத்தில் இருக்கும் வெள்ளை ரொட்டிக்கு உண்டு. 2018 உயர்வுக்கு எழுந்த எதிர்ப்பால் நிபுணர் குழு போட்டார்கள். 2019 ஏப்ரலில் வெள்ளை ரொட்டி மாவும் கேக் மாவும் சானிட்டரி நாப்கினும் வரியில்லாப் பட்டியலில் ஏறின. வெள்ளை ரொட்டி ஏறவில்லை. “மாவுக்கு வரி இல்லை, ரொட்டிக்கு வரியா?” என்றார். ஆமாம் என்றேன். அந்தச் சண்டையை அவர்கள் இன்னும் முடிக்கவில்லை.