ஊர்வனவுக்கான லைட் செட்: கொழும்பில் இதில் பாதி வீண்

பெட்டியில் பெரிய படமாகப் பாம்பு, ஓரத்தில் சின்னதாக ஒரு ஓணான், அதற்கும் கீழே ஆமை. ‘எல்லா ஊர்வனவுக்கும்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு சூட்டு பல்ப், வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரைத் தருகிற ஒரு யூவிபி பல்ப், இரண்டு தலை வைத்த கிளிப் ஸ்டாண்ட், ஒரு டைமர். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். மகளின் ஆமைக்கு, காதோரம் சிவப்புக் கோடு போட்ட அதே ரெட் இயர்ட் ஸ்லைடர்தான். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தவிர வேறொன்றும் தெரியாது, வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் இந்தச் செலவு. உங்கள் வீட்டுக்குக் காலை வெயில் நேரே விழுகிறதென்றால் இதை வாங்கவே வேண்டாம். நிழலும் தண்ணியும் பக்கத்தில் இருக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தாலே போதும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். யூவிபி பல்ப் உண்மையிலேயே தேவையான சாமான். ஆமையின் தோலில் டி3 வைட்டமின் உருவாக அந்தக் கதிர் வேண்டும், அது இல்லாவிட்டால் கல்சியம் உடம்பில் பிடிக்காது, ஓடு மெதுமெதுவென்று ஆகிவிடும். சாதாரண எல்ஈடி பல்ப் எவ்வளவு பளீரென்று எரிந்தாலும் இது வராது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வெயில் காட்டுவதும் கணக்கில் சேராது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

சூட்டு பல்ப்தான் பிரச்சினை. இந்த செட்டைச் செய்தவர்கள் குளிர் தேசத்து வீட்டை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். டொரொன்டோவில் இருக்கிற மச்சான் ஒரு பால் பைதன் (ball python) பாம்பு வளர்க்கிறான், கூட்டின் ஒரு பக்கத்தை 31, 32 பாகையில் வைத்திருக்க அவனுக்கு இது இல்லாமல் முடியாது. இங்கே மார்ச் மாதம் மத்தியானம் ஏசி போடாத அறையே 31 பாகைக்கு வந்து நிற்கிறது. அதற்கு மேலே 50 வாட் பல்பைப் போட்டால், ஆமை ஏறிக் காய்கிற கல்லில் கை வைக்க முடியவில்லை. அதுவும் ஏறவில்லை, தண்ணிக்குள்ளேயே கிடந்தது. இதில் கரண்ட் பில் வேறு: நாளுக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 18 யூனிட், மின்கட்டணத்தின் அடுத்த படிக்கு ஏறிவிட அதுவே போதும். மழை நாளிலும் ஏசி அறையிலும் மட்டும் கொஞ்ச நேரம் போடலாம், சரி.

கிளிப் மோசம். ஸ்பிரிங் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒட்டியிருக்கிற ரப்பர் துண்டு சூட்டில் பசை விட்டுக் கழன்று வந்துவிட்டது, பிறகு வெறும் இரும்பு கண்ணாடி விளிம்பில் வழுக்குகிறது. கீழே தண்ணி, மேலே 230 வோல்ட். நான் அதைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டைச் சுவரில் ஆணியடித்துக் கட்டியிருக்கிறேன். பிளக்கும் தட்டையான இரண்டு முனை, நம்முடைய சதுர முனை சொக்கெட்டுக்கு அடாப்டர் தேடவேண்டும். பல்ப் திருகு வகை, வீட்டில் இருக்கிற, செருகித் திருப்புகிற பின் (pin) ஹோல்டருக்குப் பொருந்தாது, அதனால் வேறு லாம்பில் மாட்டலாம் என்ற யோசனையும் சரிவராது. திருகு ஹோல்டர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். டைமர் மட்டும் ஒரு குறையும் இல்லை, காலையில் தானாகப் போட்டு மாலையில் அணைக்கிறது. இரவில் இருட்டாகத்தான் இருக்கவேண்டும், சிவப்பு லைட் நீல லைட் என்று கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

பெட்டியில் இருக்கிற பாம்புப் படத்தைப் பார்த்து யாருக்காவது ஆசை வந்தால்: நம் ஊர் மலைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்தால் லைட்டைப் பற்றிப் பேச வனசீவராசிகள் திணைக்களமே வரும்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அதுவும் யூவிபிக்கும் டைமருக்கும்தான். இந்த யூவிபி பல்ப் வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கதிர் தேய்ந்துபோகும், மாற்றவேண்டும். தனியாக அந்த பல்ப் மட்டும் தரமுடியுமா என்று கடையில் கேட்டேன். செட்டாக மட்டும்தான் வருகிறதாம்.