கிளிநொச்சிக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போகும்போது: மோட்டார் மெஷினா, கால் மெஷினா?

மதுரையைச் சுற்றியுள்ள மகளிர் குழுக்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் எங்களில் சிலர் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி இருக்கும் வன்னிப் பக்கமும் தன்னார்வலர்களாகப் போய்வருகிறோம். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் பெண்கள் அங்கே ஏராளம். அடுத்துப் போகத் தயாராகும் தோழிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இங்கிருந்து ஒரு மோட்டார் மெஷினைக் கொண்டுபோயிடவா, அங்கே இருக்கிற கால் மெஷினிலேயே வகுப்பு எடுத்துக்கலாமா?"

நான் மெஷின் கொண்டுபோகவில்லை. கிளிநொச்சியில் இருந்த கால் மெஷின்களிலேயே வகுப்பு எடுத்தேன். மறுபடி போனாலும் அப்படித்தான் செய்வேன். அதற்காக மோட்டார் மெஷினைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கைப்பிடியோடு வரும் சின்ன மோட்டார் மெஷின் ஆறு கிலோ அளவில் இருக்கும். ஜிக்ஜாக் அடிக்கும், காஜா எடுக்கும், சேலைக்குப் பிக்கோ போடும். இருட்டின பிறகும் அதன் விளக்கு வெளிச்சத்தில் தைக்கலாம். கால் மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான், வேகமும் குறைவு. விமானத்தில் கால் மெஷினைக் கொண்டுபோவது நடக்கிற காரியம் இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது, அது சுலபம். ஆனால் கொழும்பிலிருந்து வடக்கே ரயிலிலோ பஸ்ஸிலோ போய்ச்சேர பாதி நாளுக்கு மேல் ஆகிவிடும். கையில் ஆறு கிலோ கூடுதலாக இருந்தால் அந்தப் பயணத்தில் அது நன்றாகவே தெரியும்.

மின்சாரமும் ஒரு விஷயம்தான். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி 230 வோல்ட். பழைய வீடுகளில் நமக்குப் பழக்கமான உருண்டை முனை பிளக் பாயிண்ட் இருக்கும், புதிய கட்டடங்களில் சதுர முனை. அதனால் அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் போனது. அந்த நிலைமை இப்போது இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்டிலும் 2023 பிப்ரவரியிலும் கட்டணம் பெரிய அளவில் ஏறியதை அந்தப் பெண்கள் மறக்கவில்லை. மீட்டர் ஓடாமல் தைக்கலாம் என்பதற்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

இதெல்லாம் இருந்தாலும், என் முடிவைத் தீர்மானித்தது ரிப்பேர்தான். நாம் ஊருக்குத் திரும்பிய பிறகு மெஷின் நின்றுபோனால் அதை யார் ஓடவைப்பது?

வகுப்பில் ஒரு அக்கா இதை நேராகவே கேட்டார்: "ரீச்சர், நீங்க போனாப் பிறகு இது நிண்டிட்டா ஆரிட்டக் காட்டுறது?" அவர் கேட்டது கால் மெஷினைப் பற்றி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, "உங்களிடமேதான்" என்று சொல்ல முடிந்தது. மோட்டார் மெஷினைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

கால் மெஷினில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறவை. தோல் பெல்ட் தளர்ந்தால் நுனியில் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டினால் போதும். நூல் சிக்கி மெஷின் இறுகிவிட்டால் பாபின் கேஸை (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சின்னக் கூடு) வெளியே எடுத்து, அது உட்காரும் ஷட்டிலைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளையும் தள்ளி, உள்ளே சுற்றியிருக்கும் நூலையும் பஞ்சையும் எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். தையல் அடியில் தொங்கினால் மேல் நூலின் டென்ஷனையும் (இறுக்கத்தையும்), மேலே இழுத்தால் பாபின் கேஸின் சின்ன ஸ்க்ரூவையும் பார்க்கவேண்டும். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும். சரசரவென்று கீழே போனால் லூஸ், அசையாவிட்டால் டைட். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பார்க்கவேண்டும். இவ்வளவையும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கும் கையால் செய்யவைத்தே கற்றுக்கொடுத்துவிடலாம்.

மோட்டார் மெஷின் அப்படி இல்லை. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம், கால் பெடலின் வயர் விட்டுப்போகலாம், மோட்டார் கருகலாம். மூடியைத் திறக்கவே மெக்கானிக் வேண்டும். பாபின் விஷயத்திலும் கவனம் தேவை. மேலிருந்து போடும் பிளாஸ்டிக் பாபின் உள்ள மாடலில், கடையில் கிடைத்த இரும்பு பாபினைப் போட்டால் தையலே கெட்டுப்போகும். உள்ளூர்க் கடையில் பாகம் கிடைக்காத மெஷினை அன்பளிப்பாக விட்டுவந்தால், அது சில மாதத்தில் துணி போர்த்திய மேசையாகிவிடும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கக் கிராமங்களில் இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இலவசமாகக் கிடைத்த நல்ல மெஷின்கள் ஒரு பாபின் கேஸ் இல்லாமல் மூலையில் நிற்கும். தைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டிலேயே இருப்பார். மெஷினைச் சரிசெய்ய மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877-ல். அதனால் கறுப்புக் கால் மெஷின் அங்கே பல வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது, ஊசியும் பெல்ட்டும் சின்ன டவுன்களிலும் கிடைக்கின்றன. நாம் எந்த மெஷினில் சொல்லிக்கொடுக்கிறோமோ அதே மெஷின்தான் அவர்கள் வீட்டிலும் இருக்கும். இது பெரிய விஷயம். மோட்டாரில் பழகிய கால், மிதியில் உட்கார்ந்தால் தடுமாறும். சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் முதல் வகுப்புகளில் நூலே கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசியின் கீழே ஓடவிட்டு மிதிக்கவைக்கிறேன்.

வருமானத்துக்கும் அந்த மெஷினே போதுமானதாக இருந்தது. இலங்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, தைத்த உடையாக இல்லாமல் துணியாகவே இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அதை யாராவது தைத்தாகவேண்டும். பெண் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைக்கு நேர்த்தையலும் ஒழுங்கான மடிப்பும் தெரிந்தால் போதும். பள்ளி தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் வேலை தேடி வரும். எனவே ரவிக்கைக்கு முன்னால் சீருடையைச் சொல்லிக்கொடுங்கள். நம்ம ஊரில் பிளவுஸ்தான் பாடத்தின் உச்சி என்று பழகியவர்களுக்கு இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும்.

மோட்டார் பக்கம் சாயவேண்டிய இடமும் ஒன்று உண்டு. கிளிநொச்சியில் பெரிய ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்குக் கால் மெஷின் பழக்கம் பெரிதாக உதவாது. ஆனால் கைப்பிடி மோட்டார் மெஷினும் அதற்குச் சரியான பயிற்சி ஆகாது. அவருக்குத் தேவை தொழிற்சாலையில் ஓடும் பவர் மெஷினும், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும். அந்த இரண்டிலும் நான் தைத்திருக்கிறேனே தவிர, யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. அதனால் அதில் என் பேச்சை முடிவாக எடுத்துக்கொள்ளவேண்டாம். வீட்டிலிருந்து தைக்க விரும்புகிறவர் கொஞ்சம் சம்பாதித்த பிறகு, அதே கால் மெஷினின் பக்கவாட்டில் சின்ன மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம். கரண்ட் போனால் பெல்ட்டை மாட்டி மறுபடி மிதிக்கலாம்.

அப்புறம் பெட்டி. மெஷின் பிடித்திருக்க வேண்டிய இடம் மிச்சமாவதால் உபயோகமான சாமான்களை நிறையக் கொண்டுபோகலாம். மீனாட்சியம்மன் கோயில் புது மண்டபத்தில் இருந்த தையல் சாமான் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, அந்தப் பக்கமே எல்லாம் கிடைத்துவிடும். 14, 16, 18 நம்பர் ஊசிகள் (மெஷினில் மாட்டும் மேல் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் வகை, தண்டு உருண்டையான பவர் மெஷின் ஊசி பொருந்தாது), பாபின் கேஸ், பாபின், பெல்ட், சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், இன்ச் டேப், டெய்லர் சாக், நல்ல கத்தரிக்கோல். சும்மா ஒரு அன்பளிப்பு கொடுக்க நினைத்தாலும் பாபின் கேஸாகவே கொடுங்கள்.

பிரவுன் பேப்பரில் 32 முதல் 40 வரை அளவெடுத்து வெட்டிய பேட்டர்ன்களைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டால் கசங்காது. கத்தரிக்கோல், ஊசி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் செக்-இன் பெட்டியில்தான் போகவேண்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மெஷின் எண்ணெயை எடுத்துப்போகவேண்டாம், அங்கேயே வாங்கலாம். உடைக்குப் பருத்திச் சேலையோ சுடிதாரோ போதும். வன்னி வெயில் நம்ம மதுரை வெயிலுக்குக் குறைந்ததில்லை. மழை அங்கேயும் ஐப்பசி, கார்த்திகையில்தான், அந்த மாதங்களைத் தவிர்த்துப் போங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்களை அழைக்கும் அமைப்பிடம் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி நடத்துவதற்கு எந்த விசா எடுக்கவேண்டும், வகுப்பில் எத்தனை மெஷின் ஓடுகிற நிலையில் இருக்கிறது, அவை என்ன மாடல் என்று கேளுங்கள். பாபின் கேஸை வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் கடையில் காட்டினால் சரியான பாகத்தை எடுத்துக் கொடுப்பார்கள்.