சனிவிரலில் கறுப்பு மோதிரம்: வெள்ளவத்தையில் பார்த்த ஒரு நகைச்சுவை நாடகம்

இந்த நாடகத்தில் ஒரு அம்மா வருகிறார், அவருக்காகவே டிக்கெட் எடுக்கலாம். மகளுக்கு முப்பத்தொரு வயது, வங்கியில் நல்ல வேலை, வருகிற சம்பந்தம் எல்லாவற்றையும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிக்கிறாள். ஒருநாள் இரவு கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா கதையைத் தொடங்குகிறார்.

"ஆரையும் பிடிச்சிருக்கெண்டால் சொல்லு பிள்ளை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இல்லை என்கிறாள் மகள். "வேதக்காரப் பெடியனோ?" இல்லை. ஒரு வெங்காயம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. "சிங்களப் பெடியனோ? சரி, அப்பாவோட நான் கதைக்கிறன்." அதுவும் இல்லை. "ஏற்கெனவே கட்டினவனோ?" இல்லை. கத்தி நிற்கிறது. அம்மா வாசற்பக்கம் ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பெட்டையோ?" என்கிறார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. "ஒருத்தரும் இல்லையம்மா. எனக்கு ஒருத்தரிலயும் அப்பிடி வாறதே இல்லை" என்று மகள் சொன்னதும்தான் பார்க்கவேண்டும். அதுவரைக்கும் சாதி, சமயம், இனம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து வந்த மனுசிக்கு இனி விட்டுக்கொடுக்கக் கையில் ஒன்றுமே மிச்சமில்லை. "ஒருத்தரும் இல்லையோ...?" என்று இழுத்த இழுப்பில், ஐயோ அந்தச் சிங்களப் பெடியனாவது இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அப்படியே தெரிந்தது.

அந்தப் "பெட்டையோ?"வுக்கு எழுந்த சிரிப்பில் கொஞ்சம் பதற்றமும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஒருபாலுறவைக் குற்றமாக்குகிற, பிரித்தானியர் காலத்து இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டும்தான் பிடித்தது. 1995இல் திருத்துகிறோம் என்று போய்ப் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். அதை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் பிரிவு போகவில்லை. ஏசெக்சுவலாக, அதாவது இந்த மகளைப்போல யார் மீதும் பாலீர்ப்பு வராதவராக, இருப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் கிடையாது. அந்த வேலையைச் சொந்தக்காரரே பார்த்துக்கொள்கிறார்கள். நாடகம் முழுக்க அவர்களைப் பற்றித்தான்.

நாடகத்தின் பெயரையும் குழுவின் பெயரையும் நான் போடவில்லை. நடிக்கிற சிலரின் வீடுகளில் இன்னும் விஷயம் தெரியாதாம், இணையத்தில் பெயர் வேண்டாம் என்று கேட்டார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் ஒரு சின்ன மண்டபம். பிளாஸ்டிக் கதிரை, நாலு மின்விசிறி, ரயில் போனால் வசனம் கேட்காது. முதல் ரயிலுக்கு நடிகர்கள் திணறினார்கள். இரண்டாவது ரயிலுக்கு எல்லோரும் இருந்த இருப்பில் அப்படியே உறைந்து நின்று, சத்தம் போனதும் அதே சொல்லிலிருந்து விட்டதைத் தொடர, சனம் கைதட்டியது. முன்கூட்டியே யோசித்து வைத்ததோ அந்த நேரத்தில் வந்த புத்தியோ தெரியாது, எதுவென்றாலும் நன்றாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒருத்தருக்கு ஆசை இருந்தால் அதை மேடையில் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது, பார்வை, பாட்டு, கடிதம், மதில் பாய்தல் என்று. ஆசை இல்லாததை எப்படிக் காட்டுவது? ஒரு பெண் சும்மா நிற்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, அதை எவ்வளவு நேரம் பார்க்கலாம்? அதனால்தான் இப்படியான பாத்திரங்களைப் பெரும்பாலும் இயந்திரம் மாதிரி உணர்ச்சியில்லாதவராகவோ, சிடுமூஞ்சி அத்தையாகவோ, இல்லாவிட்டால் சாமியாராகவோ ஆக்கிவிடுகிறார்கள். சிரிப்பும் அவர்கள் தலையில்தான் விழும். இந்தக் குழு செய்தது வேறு. அவளைச் சாதாரணமாக, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி, சிநேகிதிகளோடு அரட்டை அடிக்கிற ஒருத்தியாக நடுவில் விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற உலகத்தை அவளுக்காகத் தலைகீழாக நிற்க வைத்திருக்கிறார்கள். அவள் சும்மா இருக்க இருக்க மற்றவர்கள் பாடு அதிகமாகிறது, நமக்கும் சிரிப்பு அதிகமாகிறது.

இதற்கு உச்சம் மன்மதன் வருகிற காட்சி. மலையகத்துத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடுகிற காமன் கூத்தை எடுத்து நடுவில் செருகியிருக்கிறார்கள். தப்பு மேளம் அடிக்க, மன்மதன் சதங்கையோடு கரும்பு வில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஆட்டம் உண்மையிலேயே ஆட்டம், நக்கலுக்கு ஆடியது இல்லை. கதாநாயகி மடிக்கணினியில் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் அம்பு, தாமரை. நெஞ்சில் பட்டு மடியில் விழுகிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கிளாசில் வைக்கிறாள். அடுத்தது அசோகு, பிறகு மாம்பூ. மாம்பூவை மோந்து பார்த்துத் தும்முகிறாள். முல்லை வந்ததும் முகம் மலர்கிறது, தப்புக்காரர் வேகத்தைக் கூட்டுகிறார், சனம் நிமிர்ந்து உட்கார்கிறது, அவள் முல்லையை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு திரும்பவும் கணக்குக்குப் போய்விடுகிறாள். ஐந்தாவது நீலோற்பலமும் தீர்ந்து, மன்மதனுக்கு மூச்சு வாங்கி, அவள் பக்கத்திலேயே குந்திவிடுகிறார். அவள் எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறாள். பாவம் மனுசன், "சிவன் எண்டாக்கூட கோவப்பட்டு எரிச்சாரு, நீ தேத்தண்ணி தாற" என்று அழுவார். பிறகு இரண்டு பேருமாக வில்லை முறித்துக் கரும்பைச் சப்புகிறார்கள்.

இந்த ஒரு வரிக்குள்தான் நாடகத்தின் விஷயமே இருக்கிறது. சிவன் காமனை எரித்தது ஆசை வந்து தவம் கெட்டதால். நமது கதைகளில் ஆசைப்படுகிறவர் இருக்கிறார், ஆசையை அடக்குகிறவர் இருக்கிறார். அம்பு பட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு இடமே வைக்கவில்லை. பிரமச்சாரியம் என்பது ஒருவர் எடுக்கிற முடிவு, இது முடிவு எடுத்து வருவதில்லை. வேறொரு காட்சியில் பெரியப்பா, "அப்ப நீ ஔவையார் மாதிரி, பிள்ளையாரிட்டக் கேட்டு..." என்று தொடங்க, "எனக்குக் கிழவியாக வேண்டாம் பெரியப்பா, எனக்கு இந்தத் தலைமயிர் பிடிக்கும்" என்று அவள் பதறுவதும் இதே இடத்தைத்தான் தொடுகிறது.

சாத்திரியார் காட்சி கொஞ்சம் நீளம், ஆனால் நான் குறைக்கச் சொல்லமாட்டேன். அவளுடைய வலது கை நடுவிரலில் கறுப்பு மோதிரம் இருக்கிறது. உலகம் முழுக்க ஏசெக்சுவல் ஆட்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளப் போடுகிற மோதிரம் அது. சாத்திரியாருக்கு அதைக் கண்டதும் ஒரே சந்தோஷம். "சனிவிரலில கறுப்பு! நான் சொல்லமுதலே பரிகாரம் செய்திருக்கிறா பிள்ளை!" அப்புறம் குறிப்பை விரித்துப் பத்துப் பொருத்தமும் பார்க்கிறார். தினம், கணம், மகேந்திரம் எல்லாம் கடகடவென்று போகிறது. யோனிப் பொருத்தம் வந்ததும் மனுசன் கனைக்கிறார். பெண் பரணி, அதனால் யானை. மாப்பிள்ளை அவிட்டம், அதனால் சிங்கம். யானைக்கும் சிங்கத்துக்கும் பகை. சபையில் பெரிய துக்கம், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார், கதாநாயகி மட்டும் "இந்த ஒண்டு எனக்குத் தேவையே இல்லை ஐயா, மிச்ச ஒன்பதைப் பாருங்கோ" என்கிறாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வயசான ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

கேக் பகிடி எல்லோருக்கும் விளங்கியிருக்காது. 2001இல் டேவிட் ஜே என்ற அமெரிக்கர் ஏசெக்சுவல் ஆட்களுக்காகத் தொடங்கிய ஏவன் என்ற இணையத் தளத்தில் புதிதாக வருகிறவர்களைக் கேக் கொடுத்து வரவேற்பது வழக்கம், கலவியைவிடக் கேக் மேல் என்பது அவர்களுக்குள் ஓடுகிற பழைய பகிடி. இங்கே அதை நம் ஊர் லவ் கேக்காக மாற்றி, பொம்பிளை பார்க்க வந்த வீட்டாருக்கு ஒவ்வொரு துண்டாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிச்சத் தட்டோடு அவள் ஒரு மூலைக்குப் போய் ஆனந்தமாகச் சாப்பிடுகிறாள். கேக் வெட்டும்போது மேடையில் ஊதா வெளிச்சம் வேறு. ஏசெக்சுவல் கொடியின் கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா நான்கும் தெரிந்தவர்கள் மட்டும் அங்கே இரண்டு இடத்தில் சிரித்தது கேட்டது.

பிறகு அந்த மாப்பிள்ளை. இவர்தான் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். தனியே கதைக்க விடுகிறார்கள், பல்கனியில் இரண்டு கதிரை. அவர் வியர்த்து வழிந்து, தனக்கும் யாரோடும் உடல்ரீதியாக ஒன்றும் தோன்றியதில்லை என்று சொல்லிவிடுகிறார். சரி, இனி கெட்டிமேளம்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைக்க, அவர் மெல்ல, "ஆனா கையைப் பிடிச்சுக்கொண்டு கோல்ஃபேஸில நடக்க எனக்கு விருப்பம், கவிதையும் எழுதுவன்" என்கிறார். அவளுக்கு அதுவும் இல்லை. காதல் வரும் ஆனால் கலவியில் நாட்டமில்லை என்கிறவரும், இரண்டுமே வராதவரும் ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள் என்பதை எத்தனையோ கட்டுரை எழுதி விளக்கலாம், இவர்கள் அதை அந்த இரண்டு கதிரைக்கு இடையில் இருந்த இடைவெளியிலேயே காட்டிவிட்டார்கள், அவர் கதிரையை அரை அங்குலம் கிட்டத் தள்ள, அவள் மரியாதையாக அரை அங்குலம் தள்ளிப்போக. கடைசியில் "நீங்களும் இப்பிடி எண்டதுக்காக நான் உங்களைக் கட்டோணுமோ?" என்று அவள் கேட்பதோடு அந்தக் கதை முடிகிறது. இருவரும் சிநேகிதர்களாகப் பிரிகிறார்கள். நகைச்சுவை நாடகம் என்றால் கல்யாணத்தில் முடிந்தே ஆகவேண்டும் என்ற பழக்கத்தை விட்டதற்கே ஒரு கைதட்டு.

இனிக் குறைகள். டாக்டர் காட்சியில் நாடகம் படுத்துவிடுகிறது. தைராய்டு, ஹோர்மோன் என்று எல்லாம் சோதித்து ஒன்றும் இல்லை என்றாகும் வரைக்கும் பகிடி ஓடுகிறது. அதன் பிறகு டாக்டர் சபையைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு விரிவுரையே நடத்துகிறார். 2013இல் வந்த அமெரிக்க உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், தன்னை ஏசெக்சுவல் என்று சொல்கிறவருக்கு ஆசைக் குறைவு நோய் என்று எழுதக்கூடாது என இருக்கிறதாம். உண்மைதான், ஆனால் அதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே, அவர் கேட்கிற குறுக்குக் கேள்வியில் காட்சி தானாக உயிர்த்திருக்கும். அந்த உரையில் ஒரே ஒரு இடம்தான் தேறியது. அந்தோனி போகார்ட் என்ற கனேடிய ஆய்வாளர் 2004இல் வெளியிட்டதைச் சொல்கிறார், பிரித்தானியாவில் 18,000க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டதில் நூற்றுக்கு ஒருவர் யார் மீதும் பாலீர்ப்பு வந்ததில்லை என்று சொன்னாராம். சொல்லிவிட்டு டாக்டர் கதிரைகளை எண்ணத் தொடங்க, சனம் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மற்றது அந்தக் கல்யாணத் தரகர். ஆண் நடிகர் பெண் போல நெளிந்து, கையை ஆட்டி, குரலை மாற்றிச் சிரிப்பு வாங்குகிறார். ஒருத்தி வித்தியாசமாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே என்று ஒன்றரை மணிநேரம் காட்டுகிற நாடகத்தில் இது எதற்கு? அடுத்த ஆட்டத்துக்குள் வெட்டிவிடலாம், கதைக்கு ஒரு நட்டமும் வராது.

முடிந்த பிறகு கேள்வி நேரம் வைத்தார்கள். வழக்கம்போல ஒருவர் எழும்பி, "கலியாணம் கட்டினா எல்லாம் சரியாப் போயிடும்தானே?" என்றார். இயக்குநர் மைக்கை எடுக்க முதல் அம்மாவாக நடித்தவர் அதே வேஷத்தில், அதே குரலில், "தம்பி, உங்களுக்குக் கலியாணம் கட்டி எது சரியாப் போச்சு?" என்று கேட்டார். கேட்டவரின் மனைவிதான் முதலில் சிரித்தது.

டிக்கெட் 1,500 ரூபா, மாணவருக்குப் பாதி. 100, 101 பஸ் எடுத்தால் காலி வீதியில் இறங்கி நடக்கலாம், வாகனத்தில் வருகிறவர்கள் ஒழுங்கைக்குள் திருப்பப் பார்க்காமல் மரைன் டிரைவில் விட்டுவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி பிந்தித்தான் தொடங்கினார்கள், இடைவேளை கிடையாது. முன் இரண்டு வரிசையில் இருந்தால் மின்விசிறிக் காற்று வராது, நடுவில் பிடியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டால், பதின்ம வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, யோனிப் பொருத்தத்துக்கு மட்டும் வீட்டில் விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.