பிரியஸ் பிரைம்: தினமும் சார்ஜ் போடுபவர்களுக்கு மட்டும்

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 2021 டொயோட்டா பிரியஸ் பிரைம் ஓட்டுகிறேன். இது பிளக்-இன் ஹைபிரிட்: பிளக்கில் சார்ஜ் போட்ட மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். 8.8 கிலோவாட் மணி பேட்டரி முழுதாக ஏறினால் பெட்ரோல் இல்லாமலே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போகலாம். வேலைக்குப் போய் வரவும், வழியில் மளிகை வாங்கவும் எனக்கு அது தாராளம். தனி சார்ஜர் வைக்கவில்லை. வீட்டுச் சாதாரண பிளக்கிலேயே ஐந்தரை மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது.

பேட்டரி தீர்ந்தால், பெட்ரோல் எஞ்சினுக்கு மின்மோட்டார் துணைசெய்யும் சாதாரண ஹைபிரிட்தான். அப்போது 100 கிலோமீட்டருக்குச் சுமார் 4.3 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, கிலோமீட்டருக்கு 100 கிராம் அளவு. மின்சாரத்தில் ஓடும்போது புகைக்குழாயில் ஒன்றுமில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2014-லேயே நிலக்கரி மின்சாரம் நின்றுவிட்டது என்பதால் இங்கே அந்த லாபம் நிஜமானது.

குளிர்காலத்தில் தூரம் குறையும், சரி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சார்ஜ் போடச் சோம்பல்படுபவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் வெளியிடும் கார்பன், ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் சொன்னது. போதிய அளவு சார்ஜ் செய்யாததே முக்கியக் காரணம். பார்க்கிங்கில் பிளக் இல்லாத அபார்ட்மெண்ட்காரர்களுக்குச் சாதாரண பிரியஸே போதும்.